கட்டைவிரல் பள்ளம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் நடந்த நல்லதெல்லாம் கோபத்தால் நடந்தது என்று பிறகு தெரியவரும்போது, நான் ஏதோ திட்டம் போட்டுச் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

கார் கம்பெனியில் களிமண் பிடிப்பது என் வேலை. பெண் கொடுக்கும்போது என் மாமனார், "மாப்பிள்ளை பானை செய்யறாரா?" என்று மூன்று முறை கேட்டார். எந்தக் காரும் இரும்பாவதற்கு முன் ஒருமுறை களிமண்ணாக இருந்தாக வேண்டும். நுரைப்பலகை மேல் சூடாக்கி இளக்கிய களிமண்ணை அப்பி, பல் வைத்த சுரண்டியால் இழைத்து, மெல்லிய எஃகுத் தகட்டால் வழித்து, முழு அளவில் ஒரு காரை நிறுத்துவோம். இடது பாதியை மட்டும்தான் ஒழுங்காக முடிப்போம். அதைக் கேமராவால் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால், வலது பாதியை அதுவே திருப்பிப் போட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இருக்கிற உருவம்தான் அச்சுக்குப் போகும். அச்சு வெட்டியபின் எந்தக் கொம்பன் வந்தாலும் மாற்ற முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம். அப்போது சாது வண்டி, அசட்டு வண்டி, முரட்டு வண்டி என்று பல முகங்கள் இருந்தன. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே முகம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, யார் மேலோ தீராத கோபம். காய்கறி வாங்கப் போகிற வண்டிக்கு எதற்கு இத்தனை கோபம்? என் கோபத்திலாவது ஒரு நியாயம் இருக்கும். பிளந்த வாய்க்குள் காற்றுப் போக வழியே இல்லை. ஓட்டை மாதிரி தெரிய வேண்டும் என்று கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒட்டியிருப்போம். பின்னால் நான்கு புகைக்குழாய் பளபளக்கும். நான்கும் பொய். உண்மையான குழாய் அடியில் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும்.

எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னொரு கோடு'. மனிதர் களிமண்ணை ஒரு சுற்றுச் சுற்றுவார், மோவாயைத் தடவுவார், "இங்க இன்னொரு கோடு போட்டா எப்படி இருக்கும்?" என்பார். கோடு என்பது தகட்டின் மேல் ஓடும் கூர்மையான மடிப்பு. எதிர்க் கம்பெனியிலும் இவருக்கு ஒரு ஜோடி இருக்க வேண்டும். அவர்கள் எங்கள் வண்டியை வாங்கிப் பிரித்து அளப்பார்கள், நாங்கள் அவர்களுடையதை அளப்போம். படிக்காமல் வந்த இரண்டு பேர் பரீட்சையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் எப்படியோ, அப்படி. எனக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அத்தனை கோட்டையும் இழைத்தவன் நான்தான்.

அந்தப் பாவம் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டு, கடையில் வாங்கிய துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துக் கொடுப்பவள். போன வருஷம் அவள் கண்ணில் கோளாறு வந்தது. ஓரங்கள் தெரியும், நடுவில் மட்டும் ஒரே மங்கல். "உங்க காது ரெண்டும் தெரியுது, மூக்கு தெரியல. நல்லதாப் போச்சு, கோபம் அங்கதானே இருக்கு" என்று அப்போதும் கிண்டல் செய்தாள். தையல் அவளுக்கு விரலில் இருந்ததால் மிஷின் நிற்கவில்லை. மாதம் ஒரு தடவை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். "ஒரு மாசம் விட்டாலும் மிச்சம் இருக்கற பார்வை போயிடும். போனது திரும்பி வராது" என்றார்.

நான்காவது ஊசி முடிந்த அன்று மருத்துவமனை மருந்துக்கடையில் நீள வரிசை. வாசலில் நின்று சாவிப் பொத்தானை அமுக்கிப் பூட்டைத் திறந்துவிட்டு, "நீ போய் உக்காரு, இதோ வந்துடறேன்" என்று அவளை அனுப்பினேன். நிறுத்துமிடத்தில் பதினோரு வெள்ளை வண்டிகள். ஊசி போட்ட கண்ணை விடுங்கள், நல்ல கண்ணுக்கே எல்லாம் ஒரே அச்சு. பூட்டாமல் கிடந்த யாரோ ஒருவருடைய வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் மருந்தோடு வந்தபோது அந்த வண்டிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். சுற்றிக் கூட்டம். "பையைத் தொறந்து காட்டு" என்கிறான். முப்பது வருஷமாக அடுத்தவர் துணியில் ஒரு பொத்தானைக்கூட வைத்துக்கொள்ளாதவள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் அவன் மேல் பாய்ந்தேன். அவன் அடங்கிப் போனான்தான், ஆனால் போகும்போது, "கண்ணு தெரியாதவங்களை வீட்ல வெச்சுக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கதவைச் சாத்தியபோது பார்த்தேன். எதிர்க் கம்பெனி வண்டி. நான் இழைத்த கோட்டைப் பார்த்து அவர்கள் இழைத்த கோடு. திட்டு வாங்க வேண்டியவன் நான், வாங்கியவள் அவள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இனிமே நான் வரல" என்றாள்.

கெஞ்சினேன், மிரட்டினேன். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "கதவுல ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிடலாம்மா" என்றாள்.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு ஊருக்கே போர்டு மாட்டணுமாடி?"

"அப்போ அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போ."

"பிடிக்கற காலம் வந்தா பிடிச்சுக்கறேன். இப்போ என் காலால நடந்து போய் என் வண்டியில நான் ஏறணும். அது முடியாதுன்னா வீட்டை விட்டு இறங்க மாட்டேன்."

ஐந்தாவது ஊசிக்கு வியாழக்கிழமை தேதி. நாள்காட்டியில் அந்தக் கட்டத்தைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஆபீசில் புது வண்டியைப் பார்வையிட்டார் இன்னொரு கோடு. கதவில் ஏற்கெனவே ஐந்து கோடு. "இன்னும் கொஞ்சம் கோபம் வேணும்" என்றார். எனக்கு இருந்த கோபத்தைப் பாதி பிய்த்துக் கொடுத்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது கோடு வரும் இடத்துக்கு அடையாளமாக நாடா ஒட்டினேன். அளவெடுக்கிற பெண் கேமராவோடு வந்தாள். களிமண்ணை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் பொறுப்பு. ஒடிசலான உடம்பு. கம்பெனி கொடுத்த மேல்கோட்டின் கை நீளம் என்று எப்போதும் இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பாள். "முடிஞ்சுதாண்ணே?" என்றாள். "ம்" என்றேன். ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.

அவளுக்கு ஆபீசில் 'மயிரிழை' என்று பெயர். காரணம் நான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் புதிது. இப்போது என் வீட்டில் நிற்கிற இந்த வெள்ளை வண்டி அப்போது களிமண்ணாக இருந்தது. கோடு விஷயமாக 'இன்னொரு கோடு' மனிதரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். இவள் இரண்டு தடவை வந்து, "அண்ணே, பின்கதவுல ஒரு சந்தேகம்" என்றாள். இரண்டாவது தடவை நான் கத்திய கத்தலில் அறையே நின்றது. "நான் வெச்சதை வெச்சபடி எடு! ஒரு மயிரிழை மாறினாலும் தொலைச்சுடுவேன்!"

அவள் மயிரிழை மாறாமல் எடுத்தாள். முதல் கதவு இரும்பில் வந்தபோதுதான் பார்த்தோம், பின்கதவுக் கோடு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். ஒரு அரிசி ஆழம்கூட இராது. வெள்ளைப் பெயின்ட்டில் கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால்தான் தெரியும். கோட்டைக் கடைசியாக விரலால் நீவும்போது என் இடது கட்டைவிரல் அழுந்தியிருக்கிறது. களிமண்ணில் கண்டுபிடித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அச்சு வெட்டியாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நானோ, "அளவெடுத்தவளுக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று பழியை அவள் தலையில் போட்டேன். "மாத்தக்கூடாதுன்னீங்களே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாளிலிருந்து அவள் மயிரிழை ஆனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. எதிர்க் கம்பெனிக்காரன் எங்கள் வண்டியைப் பிரித்து அளந்தபோது அந்தப் பள்ளத்தைப் பார்த்து, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். அவனுடைய அடுத்த வண்டியில் அதே இடத்தில் பள்ளம், சும்மா இல்லை, உள்ளே பளபளவென்று ஒரு குரோம் பட்டை! அதைப் பார்த்ததும் இன்னொரு கோடு ஒரு கூட்டத்தில், அது தன்னுடைய யோசனை என்று பேசினார். எனக்கு மட்டும் அது முகப்பரு. என் சொந்த வண்டியைத் துடைக்கும்போதுகூட அந்த இடத்தில் துணியை வேகமாக ஓட்டிவிடுவேன். மனைவியிடம் சொன்னதே இல்லை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "கீழ வா, நம்ம வண்டியைக் கண்டுபிடிச்சுப் பழகிக்கலாம்" என்றேன்.

மிஷினை நிறுத்தினாள். "ஒரே ஒரு தடவை. தப்பாப் போச்சுன்னா நாளைக்குப் போகணும்னு என் தலையைத் தின்னக் கூடாது."

"சரி" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடியின் கீழே எட்டு வண்டி, அதில் ஐந்து வெள்ளை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். நேராக நடந்துபோய் மாடிவீட்டு டாக்ஸிக்காரர் வண்டிமேல் கை வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனமே அவளுக்குப் போதும்.

"பார்த்தீங்களா? போதும், வாங்க மேல" என்றாள்.

சுவருக்கும் வண்டிகளுக்கும் நடுவில் குறுகலான வழி. தடுக்காமல் இருக்க, வண்டிகளின் பக்கவாட்டில் கையை ஓட்டிக்கொண்டே நடந்தாள். தையலைத் தடவிப் பார்க்கிற பழக்கம், விரல் தானாகக் கதவுக்கோட்டைப் பிடித்துக்கொண்டது. முதல் வண்டி, அடுத்த வண்டி. மூன்றாவது வண்டியின் பின்கதவில் நின்றாள். இரண்டடி பின்னால் வந்து மறுபடி தடவினாள்.

"ஏங்க, இங்க தையல் நழுவியிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் வண்டி.

தன் கட்டைவிரலை உள்ளே வைத்துப் பார்த்தாள். "எனக்குப் பெருசா இருக்கு. நுனி ஒரு பக்கம் சப்பையா இருக்கு." திரும்பி என் இடது கையைத் தேடிப் பிடித்தாள். வேலையில் சேர்ந்த புதிதில் தகடு சீவி, என் கட்டைவிரல் நுனி ஒரு பக்கம் சப்பை. அந்த விரலை இழுத்துப் பள்ளத்தில் வைத்தாள். அச்சாக உட்கார்ந்தது.

"இது உங்க விரல்ங்க!"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். களிமண், கத்தல், மயிரிழை, குரோம் பட்டை, ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. டாக்ஸிக்காரர் வண்டியைப் போய்த் தடவினாள். "இதுல ஜில்லுனு பட்டை இருக்கு. இவன் காப்பி அடிச்சவன்." அடுத்ததைத் தடவினாள். "இதுல ஒண்ணுமே இல்ல." மறுபடி எங்கள் வண்டிக்கு வந்து விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "ஆறு வருஷமா இதை மறைச்சு வெச்சிருக்கீங்களே, உங்களை என்ன செய்யலாம்?"

"நாளைக்கு ஊசிக்கு வா. அப்புறம் என்ன வேணா செய்" என்றேன்.

வந்தாள்.

ஊசி போட்டு வெளியே வந்ததும், "நீங்க மருந்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். வரிசையில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர், "நகருங்க சார்" என்று இரண்டு முறை சொன்னார். வெள்ளை வண்டிகளின் வரிசையில் அவள் கை நிதானமாகப் போனது. ஒன்றைத் தடவிவிட்டு விட்டாள். அடுத்ததில் கையைச் சட்டென்று எடுத்தாள், குரோம் போலிருக்கிறது. நான்காவதில் நின்று, கட்டைவிரலை வைத்து, கதவில் சாய்ந்துகொண்டாள்.

அது எங்கள் வண்டி இல்லை. அதே கம்பெனி, அதே வண்டி, ஆனால் எங்களுடையது இன்னும் இரண்டு தள்ளி நின்றது. பள்ளம் எல்லா வண்டியிலும் இருக்கும் என்பது இந்த மரமண்டைக்கு அதுவரை தோன்றவே இல்லை. அதற்குள் அந்த வண்டிக்காரி, கையில் குழந்தையோடு, அவளை நோக்கிப் போகிறாள். வரிசையை விட்டு ஓடினேன்.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருக்கவில்லை.

"மன்னிச்சுக்கம்மா, எனக்குக் கண்ணு சரியில்ல. இது என் வீட்டுக்காரர் கையால செஞ்ச வண்டி. எங்களோடதும் இதே மாதிரிதான், பக்கத்துல எங்கயோ நிக்குது. இங்க தொட்டுப் பாரு, இது அவர் விரல்."

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, விரலை வைத்துப் பார்த்தாள். "அட, இதுவா? புள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் தினம் இங்க கை வெச்சுத்தான்க்கா கதவைத் தள்ளுவேன். வழுக்காது. இதுக்குன்னே வெச்சிருக்காங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். என்னைப் பார்த்து, "நன்றி சார்" என்றும் சொன்னாள்.

எனக்கு நன்றி! ஆறு வருஷமாக நான் துணியால் மறைத்து ஓட்டிய முகப்பருவுக்கு! எந்த முகத்தோடு அதை வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. மனைவி தானே இரண்டு வண்டி தள்ளி நடந்து, பின்கதவில் விரல் வைத்து, நான் சாவிப் பொத்தானை அமுக்கியதும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நான் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். கண் கலங்கியிருந்ததால், பக்கத்தில் இருந்தவர் எனக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இடம் விட்டார்.

வரும் வழியில், "அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களா?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"மாத்தாம எடுத்தவ. அவ மாத்தியிருந்தா நான் இன்னிக்கு வீட்ல உக்காந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை மயிரிழையின் மேஜைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "நான் எதையும் மாத்தலண்ணே."

"தெரியும்மா. உக்காரு." எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. கத்துவதற்கு என்றால் வார்த்தை வரிசையாக வரும், இதற்கு ஒன்றும் வரவில்லை. மருத்துவமனையில் நடந்ததிலிருந்து கடைசிவரை அப்படியே கொட்டிவிட்டேன். "தப்பு என்னுது. பழியை உன் மேல போட்டேன். ரொம்ப நன்றிம்மா" என்று முடித்தேன்.

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். பிறகு, "ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?" என்றாள். "அது உங்க விரல் தடம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ரெண்டாவது தடவை அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க அத்தனை பேர் முன்னாடி கத்தினீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மாட்டிக்கட்டும்னு வேணும்னேதான் விட்டேன். பயத்துல இல்லண்ணே, கோபத்துல."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் சிரித்தாள். அறையில் இருந்த மற்றவர்கள், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தக் கோபத்துக்கும் சேர்த்து நன்றி" என்றேன். "இப்போ கோட்டைக் கழட்டிக் குடு. கை நீளம்னு வீட்ல சொன்னேன். பிடிச்சுத் தரேங்கறா."

திங்கட்கிழமை கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. அளவெடுக்கிறவளின் விரல் சும்மா இருக்குமா? மடிப்பைத் தடவிக்கொண்டே போனவள், உள்பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அண்ணே, அக்காகிட்ட சொல்லிடாதீங்க. இங்க ஒரு தையல் நழுவியிருக்கு."

"நழுவல" என்றேன். "உனக்காக விட்டிருக்கா."